கிறீச்சிடும் பொய்க்கால்: ஒரு பழுதுபார்ப்பு நாட்குறிப்பு

மார்ச் 3

வலது பொய்க்கால் இன்று காலையிலிருந்து கத்துகிறது. காலில் கட்டிக்கொண்டு ஓடியும் குதித்தும் விளையாடுவதற்கான, ஸ்பிரிங் வைத்த இந்தப் பொய்க்கால்களை நான் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஓடும்போதும் குதிக்கும்போதும் ரப்பர் குளம்பு தரையில் படும் ‘தப், தப்’ ஓசையைத் தவிர வேறு சத்தத்தை இதுவரை கேட்டதில்லை. இப்போதோ உடல் எடை வலது காலில் இறங்கும் ஒவ்வொரு முறையும், எண்ணெய் காணாத கதவு திறப்பதுபோல, ‘கிறீச்’ என்று இழுத்துக்கொண்டே வருகிறது. எடை ஏறும்போது மட்டுமே சத்தம் வருகிறது. ஸ்பிரிங் விரிந்து என்னை மேலே தூக்கும்போது வருவதில்லை. இதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

குறித்து வைத்துக்கொண்டதோடு நின்றிருக்கலாம். கையில் கிடைத்த ஸ்பிரே எண்ணெயை எடுத்து, மூட்டு என்று கண்ணில் பட்ட இடத்தில் எல்லாம் அடித்துவிட்டேன். சத்தம் உடனே நின்றது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மார்ச் 6

வேலை முடியவில்லை. மூன்றாம் நாளே சத்தம் திரும்பிவிட்டது, முன்பைவிடக் கரகரப்பாக. பாதத் தட்டின் அடியில் உள்ள மூட்டைத் துணியால் துடைத்தபோது கரிய குழம்பு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அதை விரலிடையில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்றது. ஸ்பிரே எண்ணெயில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் கரைப்பான். எஞ்சுவது மெல்லிய படலம் மட்டுமே. இறுகிய திருகைக் கழற்றவும் ஈரத்தை விரட்டவும் அது நல்லதுதான்; முழு உடல் எடையையும் தாங்கி அசையும் மூட்டுக்கு அது போதாது. போதாதது மட்டுமல்ல, உள்ளே இருந்த பழைய கிரீஸையும் இளக்கி வெளியேற்றிவிட்டு, தரையிலிருந்து எழும் தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டது. மூன்று நாளாக நான் என் மூட்டுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மார்ச் 7

இன்று எதையும் கழற்றாமல், சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் தேடினேன். இது எண்ணியதைவிடக் கடினமாக இருந்தது. சட்டம் முழுவதும் அலுமினியம். ஓரிடத்தில் எழும் ஒலி குழாய் வழியே பரவி, முழங்கால் பட்டையின் அருகே எழுவதுபோலக் காதுக்குப் படுகிறது. மேலே இருந்து கேட்பவனுக்கு எல்லாச் சத்தமும் முழங்காலிலிருந்தே வருவதாகத் தோன்றும்.

தம்பியைத் துணைக்கு அழைத்தேன். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு இரு பொய்க்கால்களிலும் நின்றபடி, எடையை மெதுவாக வலது காலுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்க, அவன் கீழே குந்தி, ஒரு நீளமான திருப்புளியின் முனையை ஒவ்வொரு மூட்டின் மீதும் வைத்து, அதன் பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்டான். விரல் நசுங்கும் இடங்கள் இதில் பல இருப்பதால், திருப்புளியைத் தவிர எதையும் உள்ளே நீட்டக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். “மேலே ஒன்றுமில்லை அண்ணா, பாதத் தட்டுக்குக் கீழே, வெளிப்பக்கத்து மூட்டில்தான் அதிர்கிறது” என்றான். நான் முழங்கால் பக்கம்தான் என்று பந்தயம் கட்டத் தயாராக இருந்தவன்.

எடை ஏறும்போது மட்டும் ஏன் கத்துகிறது என்பதற்கும் விடை கிடைத்தது. உலர்ந்த இரண்டு பரப்புகள் அழுத்தத்தில் உரசும்போது ஒட்டிக்கொள்கின்றன, விசை கூடியதும் சட்டென்று வழுக்குகின்றன, மறுபடி ஒட்டுகின்றன. ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நிகழ்ந்தால் கீச்சொலி எழும்; வயலின் வில் தந்தியில் ஓசை எழுப்புவதும் இதே முறையில்தான். ஸ்பிரிங் விரியும்போது என் மூட்டில் சுமை வேறு பக்கம் சாய்வதால் அந்தப் பரப்புகள் ஒன்றையொன்று அழுத்துவதில்லை.

மார்ச் 9

கழற்றினேன். பின்புறம் வில்போல வளைந்திருக்கும் கண்ணாடியிழை ஸ்பிரிங் ஓய்வில் இருக்கும்போதும் சிறிது இறுக்கத்துடனே இருப்பதால், முதலில் அதை விடுவித்த பிறகே மூட்டின் போல்ட்டைத் தொட்டேன். வரிசையை மாற்றினால் கை போகும்.

வெளிப்பக்கத்து மூட்டின் போல்ட் 8 மி.மீ. குறுக்களவு கொண்டது, வெர்னியர் அளவுகோலில் அளந்தபோது தேய்ந்த இடத்தில் 7.7 மி.மீ. தான் இருந்தது. நகத்தால் வருடினால் படி தட்டுப்படுகிறது. போல்ட்டைச் சுற்றி உள்ளே இருந்த வெண்கலப் புஷ் (உராய்வைத் தாங்கும் சிறு குழல்) வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. புஷ்ஷுக்கும் சட்டத்துக்கும் இடையே இருக்க வேண்டிய நைலான் வாஷரில் ஒரு பக்கம் காகிதம்போல் தேய்ந்து, கிழிந்து, பாதி காணாமல் போயிருந்தது. ஆகவே வெண்கலமும் அலுமினியமும் நேரடியாக உரசியிருக்கின்றன. கரிய குழம்பின் கருமைக்குக் காரணம் தூசியல்ல, அலுமினியத் தூள். ஸ்பிரே எண்ணெய் அடித்து ஓசையை அடக்கியபோது நான் அடக்கியது இதைத்தான். தேய்மானம் பேசாமல் தொடர்ந்திருக்கிறது.

இன்னொரு பொய்க்காலையும் திறந்து பார்த்தேன். அதன் வாஷர்களும் பாதி ஆயுளைக் கடந்துவிட்டன. இரண்டுக்கும் சேர்த்தே புதிய போல்ட், புஷ், வாஷர், நைலாக் நட்டு (தானாகத் தளராதபடி உள்ளே நைலான் வளையம் வைத்தது) வரவழைக்க எழுதிவிட்டேன்.

மார்ச் 10

சுத்தம் செய்யும் நாள். சொல்வதற்கு அதிகமில்லை. சட்டத்தைச் சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு கழுவி, துணியால் துடைத்துக் காயவைத்தேன். நல்ல நிலையில் இருந்த மற்ற வெண்கலப் புஷ்களை மட்டும் மண்ணெண்ணெயில் ஊறவைக்கவில்லை. அவை தூளை அழுத்திச் சுட்டுச் செய்தவை. கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைகளாக இருந்து எண்ணெயைச் சேமித்து வைப்பவை. கரைப்பானில் போட்டால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். துணியால் துடைத்து, எஞ்சின் எண்ணெயில் இரவு முழுவதும் மூழ்க வைத்திருக்கிறேன்.

ஸ்பிரிங்கையும் சோதித்தேன். விளிம்பு நெடுக ஒரு பஞ்சுத் துணுக்கை இழுத்துச் சென்றால், கிளம்பிய இழை இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கிக்கொள்ளும். எங்கும் சிக்கவில்லை, அடுக்குகள் பிரியத் தொடங்கியதைக் காட்டும் வெண்ணிறக் கீற்றும் இல்லை. இருந்திருந்தால் இந்த நாட்குறிப்பு இங்கேயே முடிந்திருக்கும், ஏனெனில் விரிசல் விட்ட கண்ணாடியிழையை ஒட்டிச் சரிசெய்து அதன்மேல் ஏறிக் குதிக்க நான் தயாராக இல்லை.

ஓர் இடைச்செருகல்: இந்த வகைப் பொய்க்கால்களை உருவாக்கியவர் ஜெர்மனியைச் சேர்ந்த அலெக்சாண்டர் பாக், 2004-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இந்த விளையாட்டை ‘பாக்கிங்’ என்று அழைப்பதும் அவர் பெயரால்தான். கழற்றி மேசையில் பரப்பிய பிறகு பார்த்தால், இவ்வளவு உயரம் தூக்கும் கருவியில் எவ்வளவு குறைந்த பாகங்கள் என்று வியப்பாக இருக்கிறது.

மார்ச் 14

உதிரிபாகங்கள் வந்தன, பூட்டினேன். உலோகம் உலோகத்தோடு உராயும் புஷ்களுக்கு லித்தியம் கிரீஸ் பட்டாணி அளவு. நைலான் வாஷர்களுக்கும், ரப்பர் குளம்புக்கு அருகிலுள்ள மூட்டுக்கும் சிலிக்கான் கிரீஸ். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பலவகை ரப்பர் ஊதிப் பதமிழந்துவிடும் என்பதால் இந்தப் பாகுபாடு. பிதுங்கி வெளியே வந்த கிரீஸை முழுவதும் துடைத்தேன். அது மூட்டுக்குப் பயன்படாது, தூசிக்கே பயன்படும்.

இறுக்கும் அளவுதான் நிதானம் தேவைப்பட்ட இடம். என்னுடையதில் போல்ட்டே அச்சாகவும் இருப்பதால், அளவுக்கு மீறி முடுக்கினால் மூட்டு சிக்கிக்கொள்ளும். தளர்வாக விட்டால் பக்கவாட்டில் ஆட்டம் கொடுத்துப் புஷ்ஷை மறுபடி முட்டையாக்கும். ஆட்டம் முற்றிலும் நிற்கும்வரை முடுக்கி, பிறகு மிகச் சிறிதளவு தளர்த்தி, சட்டத்தைத் தூக்கிவிட்டால் தன் எடையிலேயே தாழ்ந்து வரும் நிலையில் நிறுத்தினேன். அந்த இடத்திலேயே நட்டு நிற்பதற்கு நைலான் வளையம் உதவும். பழைய நட்டுகளை விரலாலேயே கடைசிவரை சுழற்ற முடிந்தது. அதாவது அவற்றின் நைலான் பிடியை இழந்துவிட்டது. குப்பைக்கு அனுப்பினேன். புதிய நட்டுகளின் மேல் தொடங்கி போல்ட் முனை வரை பச்சைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன்; நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

மார்ச் 15

கிறீச்சொலி போய்விட்டது. அது போனதால்தான் இன்னொன்று கேட்டது: ஒவ்வொரு குதிப்பின் முடிவிலும் மெல்லிய ‘டிக்’. இவ்வளவு நாளும் பெரிய சத்தத்தின் மறைவில் இருந்திருக்க வேண்டும். தம்பி திருப்புளியை எடுத்துக்கொண்டு தானாகவே வந்து உட்கார்ந்தான். ஸ்பிரிங்கின் மேல்முனையைச் சட்டத்தோடு கவ்வும் தகட்டில் இருந்து வருகிறது என்றான்.

திறந்தால், ஸ்பிரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர்ப் பட்டை ஒரு விரற்கடை நழுவி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. காலியான இடத்தில் மணல். இங்கே கிரீஸ் போடக் கை பரபரத்தது உண்மை. ஆனால் இது அசைய வேண்டிய மூட்டு அல்ல, பிடித்து நிற்க வேண்டிய இடம். வழுக்கினால் ஸ்பிரிங் நகரும். ஈரத்துணியால் மணலைத் துடைத்து, உலர விட்டு, பட்டையை அதன் இடத்தில் பொருத்தி, இரண்டு போல்ட்களையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கினேன்.

மார்ச் 18

அரை மணி நேரம் ஓடி, தாண்டி, ஒற்றைக் காலிலும் குதித்துப் பார்த்தேன். குளம்பின் ‘தப், தப்’ மட்டுமே. இறங்கியதும் நட்டுகளைச் சோதித்தேன். ஏழு இடங்களில் பச்சைக் கோடு நேராக நின்றது. இடது காலின் உட்பக்கத்து நட்டில் மட்டும் ஒரு மயிரிழை விலகியிருந்தது. அதைக் கழற்றி வேறு புதிய நட்டு போட்டு, கோட்டை மறுபடி இழுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.