விடியும்வரை வைத்த பூ

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடையில் 21 ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மல்லிகை மூட்டைகள் வந்து இறங்குவதற்கு முன், தராசைத் துடைத்து வைத்துவிட்டுக் கிடைக்கும் சில நிமிடங்களில், 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்ற வரியைச் சொல்லி ஜெபிப்பது என் வழக்கம். சிறு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த வரிக்குப் பொருள் சொல்லித் தந்தது இந்தச் சந்தைதான்.

பூ வியாபாரத்தில் நாளை என்ற ஒன்றை நம்பி எதையும் செய்ய முடியாது. பனியால் வரத்து குறையும் தை மாதத்தில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டும் அதே அரும்பு, செடிகள் பூத்துக் குலுங்கும் சித்திரையில் 300 ரூபாய்க்கும் கீழே போய்விடும். காலை ஐந்து மணிக்குச் சொன்ன விலை பத்து மணிவரை நிற்பதில்லை. இதையெல்லாம் அறிந்திருந்தும், விலை ஏறிய மாதங்களில்தான் என் ஜெபம் சுருங்கியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கை காலியாக இருந்தபோது கர்த்தரைத் தேடிய மனம், நாலு காசு புரண்டதும் தன் கணக்கைத் தானே போடத் தொடங்கியது.

அப்படிப்பட்ட ஒரு தை மாதத்தில், முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, என் சொந்தப் பணத்தில் 12 கிலோ அரும்பு வாங்கி, மறுநாள் கூடுதல் விலைக்கு விற்கலாம் என்று பனிக்கட்டியோடு தெர்மாகோல் பெட்டியில் அடைத்து வைத்தேன். 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இதழ் தடிமன். மற்ற மல்லியைவிடக் கூடுதலாகத் தாங்கும். அந்தத் துணிச்சலில்தான் வைத்தேன். விடியற்காலையில் மூடியைத் திறந்தபோது வந்தது பூ வாசமல்ல, புளித்த ஈர வாடை. பனிக்கட்டி உருகித் தண்ணீர் அடியில் தேங்கியிருந்தது. அதில் ஊறிய அரும்புகள் பழுப்பேறி, விரல் பட்டதும் வழுவழுப்பாக நசுங்கின. மேலே இருந்தவை வாய் விரிந்து நின்றன. அன்று வரத்தும் அதிகம். மிஞ்சியதை யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெட்டியின் முன் நின்றபோது வேதாகமத்தின் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்குத் தேவன் உணவாகத் தந்து, தலைக்கு ஒரு ஓமர் அளவு என்று அன்றன்றைக்குச் சேர்க்கச் சொன்ன மன்னாவைச் சிலர் விடியும்வரை வைத்தார்கள்; அது புழுத்து நாறியது. இதைச் சோம்பலுக்குச் சாதகமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மன்னா கூடாரத்துக்குள் வந்து விழவில்லை. வெயில் ஏறினால் உருகிவிடும் என்பதால் ஜனங்கள் விடியற்காலையில் எழுந்து வெளியே போய்ப் பொறுக்க வேண்டியிருந்தது. உழைப்பு அவர்களுடையது, நாளைய தினம் தேவனுடையது. நான் சேர்த்து வைக்க முயன்றது பூவை மட்டுமல்ல, நாளைக்கு அவரிடம் கேட்கத் தேவையில்லாத ஒரு நிலைமையையும்தான்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது வேறு வகையான பாடம் கிடைத்தது. வாங்க ஆளில்லாமல் பூக்கள் செடியிலேயே மலர்ந்து உதிர்ந்தன. எனக்கு நாள் சம்பளம் நின்றது. ஒரு வாரத்துக்கான அரிசி ஒரே நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை. ஆனாலும் சபையாராலும் அக்கம்பக்கத்தாராலும் எங்கள் அடுப்பு ஒருநாளும் அணையாமல் இருந்தது. தேவன் எங்களைப் போஷித்தார் என்று நன்றியோடு சொல்கிறேன். ஆனால் எங்கள் கடைக்குப் பூ போடும் விவசாயிகள் சிலர் அந்த நாட்களில் பட்ட பாட்டைப் பின்னால் கேட்டபோது, என் நன்றியை உரக்கச் சொல்ல நா எழவில்லை. அவர்களுக்கு ஏன் அப்படி என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. அந்தக் கேள்வியோடு ஜெபித்த ஒரு காலையில்தான், அத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்த வரியில் 'எனக்கு' என்ற சொல்லே இல்லை என்பது உறைத்தது. 'எங்களுக்கு' என்றுதான் இயேசு கற்றுக்கொடுத்தார்.

கமிஷன் கடைகளில் பூ போட்ட அன்றே பணம் கிடைப்பது நிச்சயமில்லை. சிட்டையை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. என் மேசையிலும் அப்படிப்பட்ட சிட்டைகள் கிடந்தன. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்று லேவியராகமம் சொல்வதை அறிந்தவன் நான். பிறருடைய அன்றைய ஆகாரத்தை மேசைக்குள் பூட்டிவிட்டு என் ஆகாரத்துக்காக ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐந்து கிலோவுக்குக் கீழே கொண்டு வருகிறவர்களுக்காவது அன்றன்றே கணக்கு முடிக்கலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். சில மாதங்கள் தயங்கிய பின் ஒத்துக்கொண்டார்.

இப்போது பதினொரு மணிக்குள் அந்தச் சிட்டைகள் தீர்ந்துவிடுகின்றன. உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் ஒரு வயதான அம்மா மட்டும் ஆரம்பத்தில் நம்பவில்லை. "மிச்சம் எப்பத் தம்பி வரணும்?" என்று கேட்டார். "மிச்சம் இல்ல ஆத்தா, இன்னைக்குள்ளது அம்புட்டும் இதுலயே இருக்கு" என்றேன். நோட்டுகளை இரண்டு முறை எண்ணிச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, காலிச் சாக்கை உதறி மடித்து அக்குளில் இடுக்கியபடி பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார்.