இறுதிச் செய்முறைக்குக் கவுண் தைக்கிறவர்களுக்கு: பாவாடையை முதலில் கொழுவுங்கள்

ஃபேஷன் டிசைன் டிப்ளோமா பெறுபேறு வந்த கையோடு எழுதுகிறேன். மட்டக்களப்பில் அடுத்த தொகுதிப் பிள்ளைகள் இப்போதே சீக்குவன்ஸ் விலை விசாரிக்கிறார்கள். அதை விடுங்கள். விருந்துக் கவுணில் பரீட்சகர் குனிந்து பார்ப்பது அடி விளிம்பை. நெஞ்சில் எவ்வளவு மணி கோர்த்திருந்தாலும் விளிம்பு ஏறி இறங்கினால் புள்ளி போச்சு.

ஆகவே ஒழுங்கை மாற்றுங்கள். பலரும் மேற்சட்டையை முடித்துவிட்டுத்தான் பாவாடைக்கு வருகிறார்கள். நீங்கள் முதல் நாளே பாவாடையை வெட்டி மூட்டி, இடுப்பு நாடாவில் பிடித்து டம்மியில் (உடல் வடிவப் பொம்மையில்) கொழுவிவிடுங்கள். முழுவட்டப் பாவாடையில் இழை நேராக விழும் இடம் அப்படியே நிற்கும். 45 பாகையில் கிராஸாக விழும் இடம் தன் பாரத்திலேயே இறங்கும். மெல்லிய சாட்டின் ஒரு அங்குலத்துக்கு மேலும் இறங்கும். குறைந்தது 24 மணித்தியாலம் தொங்கட்டும். அதற்குள் மேற்சட்டை வேலை ஓடும். பிறகு நிலத்திலிருந்து அடிமட்டம் வைத்துச் சுற்றிவர ஊசி குத்தி, மிஞ்சியதை வெட்டுங்கள். விளிம்புக்கு அரை அங்குலம் போதும், கால் காலாக இரண்டு மடிப்பு. வட்டத்தின் ஓரம் அது மடிந்து உட்காரும் இடத்தைவிட நீளம். அகலமாக மடித்தால் முறுகும்.

கணக்கு:
- இடுப்பு 26 அங்குலம் என்றால் ஆரம் 26 ÷ 6.28, ஏறத்தாழ 4⅛. தையலுக்கு அரை விட்டு 3⅝இல் வெட்டுங்கள்.
- 39 அங்குல நீளத்துக்கு 45 அங்குல அகலத் துணியில் கால்வட்டத் துண்டு நான்கு, 5 யார். பக்கத் தையலுக்கும் அரை அரை அங்குலம் சேருங்கள்.
- நான்கையும் ஒரே திசையில் வையுங்கள். துணி மிச்சம் பிடிக்கத் திருப்பி வைத்தால் சாட்டினின் மினுக்கம் துண்டுக்குத் துண்டு மாறும்.
- வெட்டின உடனே இடுப்பு வளைவில் ஒரு தையல் ஓட்டுங்கள். சுணங்கினால் 26, 28 ஆகிவிடும்.

கிராஸ் பிடிபடாதவர்கள் கட்டம் போட்ட பழைய மருதமுனைச் சாரம் ஒன்றில் பழகுங்கள். இழை எங்கே வழுகியது என்பதைக் கட்டமே காட்டிக்கொடுக்கும். வெறும் வெள்ளைத் துணி காட்டாது.

தோள்பட்டி இல்லாத மேற்சட்டை வழுகுவதற்குக் காரணம் நெஞ்சளவு என்று நினைத்து இறுக்கிக்கொண்டே போவார்கள். உண்மையில் பாவாடையின் பாரம் கீழே இழுக்கிறது. உள்ளே இடுப்பில் ஒரு அங்குலப் பீட்டர்ஷம் நாடாவை (இழுபடாத தடித்த நாடா)த் தையல்களில் மட்டும் பிடித்து, சிப்புக்கு முன் கொழுக்கியால் பூட்டுங்கள். பாரத்தை அது தாங்கும். மேற்சட்டையை விறைப்பாக நிறுத்த உள்ளே வைக்கும் போனிங் பட்டி கிடைக்காவிட்டால் ஹாட்வெயார் கடையில் அகலமான கேபிள் டை வாங்கலாம். நுனியை வட்டமாக வெட்டி அரத்தால் தேயுங்கள். மேலும் கீழும் தையலுக்குக் கால் அங்குலம் முன்பே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

வாய்மொழிப் பரீட்சைக்கு ஃபேஷன் வரலாற்றின் ஆண்டுப் பட்டியல் மனனம் செய்வது வீண் என்பது என் எண்ணம். வடிவமைப்பாளர் வொர்த் பாரிஸில் கடை திறந்தது 1858, டியோர் நியூ லுக் என்று பேர்பெற்ற தொகுப்பைக் காட்டியது 1947 பெப்ரவரி 12, ஓட் கூத்யூர் (ஆளுக்கு அளவெடுத்துத் தைக்கும் உயர்தர ஆடை) என்ற பெயருக்குப் பிரான்சில் சட்டப் பாதுகாப்பு 1945. இவை போதும். ஆனால் பிரெஞ்சு வடிவமைப்பாளர் மதலின் வியோனேயை வடிவாகப் படியுங்கள். 1920களில் கிராஸ் வெட்டைக் கவுண் முழுவதற்கும் கொண்டுபோனவர். சிறிய மரப்பொம்மையில் துணியைச் சுற்றிப் பார்த்தே வடிவமைத்தார். உங்கள் பாவாடை ஏன் ஒரு நாள் தொங்கியது என்று கேட்டால் அவரிலிருந்தே பதிலைத் தொடங்கலாம்.

இன்னும் சில:
- சாட்டினுக்கு 9 அல்லது 11ஆம் இலக்க மெஷின் ஊசி, புதியது. குண்டூசி தையலுக்கு விட்ட இடத்துக்குள் மட்டும். வெளியே குத்தினால் ஓட்டை மறையாது.
- கிராஸ் தையலை இலேசாக இழுத்துப் பிடித்துத் தையுங்கள். இல்லாவிட்டால் மாடல் உட்காரும்போது நூல் அறும்.
- நம் ஊர் வெக்கையில் கை வேர்வை சாட்டினில் கறையாகப் படியும். பக்கத்தில் துவாய் இருக்கட்டும்.
- அயர்ன் உட்பக்கத்தில், மேலே பருத்தித் துணி விரித்து, நீராவி இல்லாமல். ஒரு துளி தண்ணீர் சொட்டினாலும் வட்டமாகத் தெரியும்.