கத்தியின் கழுத்தில் யார் பெயர்?

‘இராணுவக் கத்தி’ என்று விளம்பரத்தில் கண்டுவிட்டால் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் இளைஞர்களுக்குக் கை சும்மா இருப்பதில்லை. கைப்பேசியில் காசு கட்டிய சில நாள்களில் பொட்டலம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கறுப்புச் சாயம், முதுகில் ரம்பப் பல், அலகில் ‘யு.எஸ்.’ முத்திரை, விலை நாற்பது வெள்ளிக்குள். அப்படி வாங்கியவற்றில் பல, கூர் மடங்கியோ பிடி கழன்றோ என் கடை மேசைக்கு வந்து சேர்கின்றன.

அப்பா விட்டுச்சென்ற இரும்புக்கடை இது. செம்பனை அறுக்கும் அரிவாள், உளி, பாராங் என்னும் வெட்டுக்கத்தி, பால்மரம் சீவும் கத்தி எல்லாவற்றையும் விற்கிறேன், தீட்டியும் தருகிறேன். இரும்பைத் தொட்டே பிழைப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: ‘இராணுவம்’ என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அந்தக் கத்தியைச் செய்த ஆலை தன் பெயரை அதில் பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி அண்மையில் இரண்டு துண்டாகக் கொண்டுவந்தார். விறகு பிளக்கும்போது ஒடிந்ததாம். “அக்கா, இது அமெரிக்கப் படை பயன்படுத்துவது. இதுகூடவா ஒடியும்?” என்று கேட்டார். பிடியைப் பிரித்துக் காட்டினேன். அலகிலிருந்து பிடிக்குள் போகும் வால் விரல் நீளம்கூட இல்லை. அதுவும் தனியாக ஒரு கம்பியை வைத்துப் பற்றவைத்தது. ஒடிந்த இடத்தில் இரும்பு சர்க்கரையைப் போலப் பரல் பரலாகத் தெரிந்தது. அளவுக்கு மீறிச் சூடேற்றிய எஃகு அப்படித்தான் இருக்கும். ஒழுங்காகச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதம் வைத்த எஃகு ஒடிந்தால், அந்த வாய் நுண்மையாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். விறகிலிருந்து தெறித்த அலகு அவர் காலில் பாயாமல் போனது அவர் பெற்றோர் செய்த புண்ணியம்.

அந்தக் கத்தி எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ, அந்த அசலின் கதை வேறு. அமெரிக்க மரைன் படை 1942 நவம்பரில் ஏற்றுக்கொண்ட வடிவம் அது. ஏழு அங்குல அலகு, தோல் வட்டுகளை அடுக்கி இறுக்கிய பிடி. போர்க்காலத்தில் ஒரே ஆலையால் ஈடுகொடுக்க முடியாது என்பதால் கமிலஸ், யூனியன் கட்லரி, ராப்சன், பால் என்று நான்கு நிறுவனங்கள் செய்தன. நான்குக்கும் விவரக்குறிப்பு ஒன்று. ஒவ்வொரு நிறுவனமும் அலகின் கழுத்தில், பிடிக்குச் சற்று மேலே கூர் இல்லாத அந்த இடத்தில், தன் பெயரை அடித்தது. நியூயார்க் மாநிலத்து ஓலியன் ஊரில் இருந்த யூனியன் கட்லரி ‘கா-பார்’ என்ற தன் வணிகப் பெயரைப் பொறித்தது. படைவீரர்கள் அந்த வகைக் கத்தி முழுவதையுமே அப்படி அழைக்கத் தொடங்கினார்கள். 1952-இல் நிறுவனமே அந்தப் பெயருக்கு மாறிக்கொண்டது.

ஆனால் பெயர் மட்டும் மிஞ்சி, ஆலை போய்விடுவதும் உண்டு. கமிலஸ் 2007-இல் நொடித்து மூடப்பட்டது, பெயரை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆகவே இன்றைய கத்தியில் ‘கமிலஸ்’ என்று இருந்தால், அந்தப் பழைய நியூயார்க் ஆலைத் தொழிலாளர்களின் கை அதில் பட்டிருக்காது. விமானிகளுக்கான ரம்பமுதுகுக் கத்தியை நெடுங்காலம் செய்துவந்த ஒண்டாரியோ நிறுவனம் 1889-இல் தொடங்கியது. அதுவும் 2023-இல் கைமாறியது. பெயரையும் பார்க்க வேண்டும், அந்தப் பெயர் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1948 ஜூன் 16-இல் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் இந்தச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதையொட்டி, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் பிறந்தது. பிரிட்டிஷ் படை காட்டுக்குள் நுழைந்தபோது இடுப்பில் தொங்கிய வெட்டுக்கத்திக்கு மலாய்ப் பெயரே வைத்திருந்தார்கள்: கோலோக். பர்மிங்ஹாமில் இருந்த மார்ட்டிண்டேல் நிறுவனம் அவற்றைச் செய்தது, முதலைதான் அதன் சின்னம். எங்களிடம் தீட்டக் கொண்டுவரும் ஒரு பெரியவரின் வீட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அலகில் பிரிட்டிஷ் அரசுச் சொத்தைக் காட்டும் அம்புக்குறி, அதன் கீழே 1950-களின் ஆண்டு எண். அவருடைய தந்தை தோட்டக் காவலில் இருந்தவர். அத்தனை காலம் வாழைக்கும் பலாவுக்கும் உழைத்த பிறகும் கல்லில் வைத்தால் ஒரே சீராகக் கூர் ஏறுகிறது. அதைத் தீட்டும் நாள் எனக்கு நல்ல நாள்.

நாட்டுப் பெயரை வைத்து மட்டம் தட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். சீனாவின் யாங்ஜியாங், தைவான், ஜப்பானின் செக்கி ஆகிய இடங்களில் உலகத் தரத்தில் செய்கிறார்கள். கேட்கிறவர் என்ன விலைக்குக் கேட்கிறாரோ அந்தத் தரத்திலும் செய்து தருகிறார்கள். ஊர்ப் பெயருக்குச் சட்டக் காவல் இருப்பது ஜெர்மனியின் சோலிங்கனுக்கு. அந்தப் பகுதியில் செய்யாத கத்தியில் அந்தப் பெயரைப் பொறிக்கக் கூடாது என்பது 1938 முதல் அங்கே சட்டம். வெறும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் எழுதி, ஆலையும் எஃகின் எண்ணும் இல்லாத கத்திக்கு யார் பொறுப்பு? ஒடிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

எஃகின் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1095 என்றால் கரிமம் 0.95 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். நன்றாகக் கூர் பிடிக்கும், ஆனால் துருவும் பிடிக்கும். 420 வகைத் துருவா எஃகு மழைக்குத் தாங்கும், கூர் சீக்கிரம் போகும். இருந்தாலும் எண்ணைவிடப் பதமே பெரிது. ஆஸ்திரிய இராணுவத்துக்கான குளோக் கத்தியை எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 55 என்ற சற்றுத் தணிந்த கடினத்தில் வைத்திருக்கிறார்கள். கூர் சற்று முன்னதாக மழுங்கலாம், ஆனால் நெம்பினாலும் சில்லுத் தெறிக்கக் கூடாது என்பது கணக்கு.

‘வால் பிடியின் அகலம் முழுவதும் இருக்க வேண்டும்’ என்று இளைஞர்கள் மந்திரம்போல் ஓதுகிறார்கள். மரைன் கத்தியின் வாலே ஒடுக்கமானதுதான். அலகும் வாலும் சேரும் மூலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கூர்மையான செங்கோணமாக இருந்தால் விசை முழுவதும் அங்கே குவிந்து விரிசல் தொடங்கும். வளைவாக இழைத்திருந்தால் ஒடுங்கிய வாலும் தாங்கும்.

கடையில் நான் செய்யும் சோதனை எளிது. பித்தளைக் கம்பி ஒன்றைப் பலகையில் படுக்கவைத்து, கூர்விளிம்பைச் சாய்வாக அதன்மேல் அழுத்துவேன். விளிம்பு இலேசாக வளைந்து, எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பினால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மிருது, துண்டு பெயர்ந்தால் மிகைக் கடினம். மேலே சொன்ன தம்பியின் கத்தித் துண்டு வளைந்தபடியே நின்றது. அவருக்கு லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த பாராங் ஒன்றைக் கொடுத்தேன். கொல்லர் யார் என்று எனக்குத் தெரியும், குறை இருந்தால் அவரிடமே போய் நிற்பேன்.

நல்ல கத்தி வாங்கியவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். நம் ஊர் ஈரத்தில் தோல் உறை தண்ணீரை இழுத்துவைத்துக்கொள்ளும், தோல் பதனிட்ட உப்பும் சேர்ந்து கரிம எஃகை அரித்துவிடும். வேலை முடிந்ததும் துடைத்து, இயந்திர எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே வையுங்கள். வேலை இல்லாத நேரத்தில் இடுப்பில் கட்டிக்கொண்டு பட்டணத்தில் சுற்றாதீர்கள். தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் அபாயகரமான ஆயுதம் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், காவலர் நிறுத்திக் கேட்டால் ‘அழகுக்காக’ என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது.