நாலரைக் கோடி டாலரும் ஒரு பெட்டிக் கடிதங்களும்

ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு துறை அலுவலகத்தில் நான் மானியக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த காலத்துக் கதை இது. மதுரையில் பி.காம். படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து, சில வருடம் வீட்டில் இருந்துவிட்டுச் சேர்ந்த வேலை. பேராசிரியர்கள் ஆய்வுக்குப் பணம் வாங்கி வருவார்கள். அதை எதற்குச் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்று பார்ப்பது என் பொறுப்பு.

2008 ஜனவரியில் ரேணு கட்டோர் பல்கலைக்கழகத் தலைவராக வந்தார். உத்தரப் பிரதேசத்தில் பரூக்காபாத்தில் பிறந்தவர். அவர் வந்ததிலிருந்து வளாகம் முழுக்க ஒரே பேச்சு, 'டியர் ஒன்'. முதல் வரிசை ஆய்வுப் பல்கலைக்கழகம் ஆக வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். போனில் அம்மாவிடம் இந்த வார்த்தையைச் சொன்னபோது, "யாருடி அது டியர்?" என்று கேட்டார்.

அப்போது ஊருக்குள் எங்களுக்கு 'கூகர் ஹை' என்று ஒரு கேலிப் பெயர் இருந்தது. கூகர் என்ற மலைச் சிங்கம் எங்கள் சின்னம், 'ஹை' என்றால் ஹைஸ்கூல். பள்ளிக்கூடத்தின் நீட்சிதானே இது என்பது கிண்டல். பகலில் வேலை பார்த்துவிட்டு, காரை நிறுத்த இடம் தேடி அலைந்து, வகுப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடும் பிள்ளைகள் நிறைய. ஆனால் 1987-இல் பால் சூவின் குழு, அலபாமா குழுவோடு சேர்ந்து, 93 கெல்வினில் மீக்கடத்தியை, அதாவது தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளை, கண்டது இதே பல்கலைக்கழகத்தின் பெயரில்தான். திரவ நைட்ரஜனே போதும் என்ற அளவுக்குக் குளிர்விக்கும் செலவைக் குறைத்த கண்டுபிடிப்பு. கேலி செய்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

திறமை இருந்தது, பணம்தான் இல்லை. டெக்சாஸில் உயர்கல்விக்கென்று ஒரு பெரிய நிரந்தர நிதி உண்டு. மேற்கு டெக்சாஸ் பொட்டல் நிலத்தில் 1923-இல் எண்ணெய் பீறிட்டதிலிருந்து கொழுத்த நிதி அது. ஆனால் அது டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழுமத்துக்கும் ஏ அண்ட் எம் குழுமத்துக்கும் மட்டும். எங்களுக்கு அதில் ஒரு சல்லிக்காசு கிடையாது.

2009-இல் சட்டமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது. எங்களையும் சேர்த்து ஏழு பல்கலைக்கழகங்களை 'வளர்ந்து வரும் ஆய்வுப் பல்கலைக்கழகங்கள்' என்று வைத்து, அவற்றுக்காகத் தனி நிதி ஒன்றை ஏற்படுத்தலாம் என்றது. சும்மா இருந்த வேறொரு கல்வி நிதியிலிருந்து சுமார் 50 கோடி டாலரை எடுத்து இதில் போடுவார்கள். அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியிருந்ததால் மக்கள் வாக்களிக்க வேண்டும். நவம்பர் 3-ஆம் தேதி வாக்குச்சீட்டில் மொத்தம் 11 திருத்தங்கள். எங்களுடையது நான்காவது.

நாங்கள் மாநில ஊழியர்கள். அலுவலக நேரத்தில், அலுவலக மின்னஞ்சலில் இதற்கு ஆதரவாக ஒரு வரி எழுதினாலும் தப்பு. அதனால் ஞாயிற்றுக்கிழமை பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனால், சாப்பிடும் இடத்தில் தட்டை வைத்துக்கொண்டு பேசுவேன். அங்கே ஓர் அங்கிள், எண்ணெய் நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இட்லியைவிட என்னைத்தான் அதிகம் பிய்த்தார்.

"ஏம்மா, வரி ஏறுமா?"

"ஏறாது அங்கிள். இருக்கிற பணத்தை இடம் மாற்றுகிறார்கள்."

"என் பேரன் ஆஸ்டினுக்குத்தான் போவான். உங்க காலேஜுக்கு நான் ஏன் ஓட்டுப் போடணும்?"

பள்ளியில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால்தானே ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இடம் நிச்சயம் என்றேன். பேரன் படித்ததோ நம் ஊர்ப் பிள்ளைகள் குவிந்திருக்கும் சுகர்லாண்ட் பள்ளி. பத்து சதவீதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அங்கிள் முகம் மாறியது. இவ்வளவு பெரிய மாநிலத்தில் முதல் வரிசையில் அப்போது இருந்தவை மூன்றுதான்: ஆஸ்டின், ஏ அண்ட் எம், ரைஸ். ரைஸ் தனியார். மற்ற பிள்ளைகள் கலிபோர்னியாவுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். குடியுரிமை வாங்கிய பிறகு அது எனக்கு இரண்டாவது தேர்தல். திருத்தம் நிறைவேறியது.

இனிமேல் பணம் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். நிபந்தனைகளைப் படித்தபோதுதான் வேலையே இனிமேல்தான் என்று புரிந்தது. 'ரெஸ்ட்ரிக்டட் ரிசர்ச்' என்று கணக்கில் ஏறும் செலவு, தொடர்ந்து இரண்டு வருடம், வருடத்துக்குக் குறைந்தது 4.5 கோடி டாலர் இருக்க வேண்டும். அது போக ஆறு நிபந்தனைகளில் நான்கைத் தாண்ட வேண்டும். 40 கோடி டாலர் அறக்கட்டளை நிதி, வருடத்துக்கு 200 பிஎச்.டி. பட்டங்கள், நல்ல தரத்தில் முதலாண்டு மாணவர்கள் என்று போகும் அந்தப் பட்டியல். ஆய்வு நூலகங்களின் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்கூட அது ஒன்றில் சேரும். எங்கள் நூலகம் ஏற்கெனவே உறுப்பினர். யாரும் கண்டுகொள்ளாத நூலகத்துக்குத் திடீரென்று மரியாதை.

என் பங்கு அந்த 4.5 கோடியில். ஆய்வகத்தில் செலவான பணமெல்லாம் கணக்கில் வராது. வெளியார் ஒருவர் கொடுத்திருக்க வேண்டும், 'இது ஆய்வுக்கு மட்டும்' என்று எழுதியும் கொடுத்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தில் காட்டவும் வேண்டும். ஆக, எங்கள் துறையின் ஒவ்வொரு மானியத்துக்கும் மூலக் கடிதத்தை எடுத்து, படித்து, ஏன் இது ஆய்வு, ஏன் இல்லை என்று ஒரு பக்கம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். டெக்சாஸில் நிதியாண்டு செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. அந்த இரண்டு ஆகஸ்டிலும் நான் வீட்டில் ஒழுங்காகச் சமைத்ததாக நினைவில்லை.

கடிதங்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெரிய மானியம் வந்திருந்தது. பேராசிரியரைக் கேட்டால் ஆய்வு என்பார், கடிதத்தைப் படித்தால் பயிற்சி. பயிற்சி கணக்கில் வராது. அவரிடம் இதைச் சொல்ல இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

நானும் ஒரு தப்பு செய்தேன். ஓர் எண்ணெய் நிறுவனம் வருடா வருடம் பணம் தரும். முதல் பக்கத்தில் ஆய்வைப் புகழ்ந்து இரண்டு பத்தி எழுதியிருந்தார்கள். நானும் ஆய்வு என்று போட்டுவிட்டேன். இரண்டாம் பக்கத்தில், துறைத் தலைவர் விருப்பப்படி எதற்கும் பயன்படுத்தலாம் என்று ஒரே ஒரு வரி. பக்கத்து மேஜைத் தோழி சரிபார்க்கும்போது கண்ணில் பட்டது, நல்லவேளை. மாநிலத் தணிக்கையாளர்கள் இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்துப் படிக்கப் பழகினேன்.

இந்தக் கணக்கு முறையின் மேல் எனக்கு முழு மரியாதை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரலாற்றுத் துறையில் ஒருவர் பத்து வருடம் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஒரு புத்தகம் எழுதினால் அது அந்த 4.5 கோடியில் ஒரு துளிகூட ஆகாது. எங்கள் துறையில் ஒரே ஒரு கருவி வாங்கினால் ஆகும். இருந்தும், இந்த அளவுகோல் இல்லையென்றால் எங்களை யாரும் அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அளக்காமலே 'கூகர் ஹை' என்றவர்கள்தானே. அந்த நிபந்தனைப் பட்டியலில் அறக்கட்டளை நிதிதான் வெளியாட்கள் நன்கொடை கொடுத்துப் பெருக்க முடிந்த விஷயம். பின்னாளில் ஹூஸ்டன் தமிழர்கள் இதே பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்காக நிதி திரட்டியபோது நானும் ஒரு சிறு காசோலை எழுதினேன், நோக்கத்தை இரண்டாவது தடவை சரிபார்த்துவிட்டு.

2011 ஜனவரியில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை வகை பிரிக்கும் கார்னகி வகைப்பாடு எங்களை 'மிக உயர்ந்த ஆய்வுச் செயல்பாடு' வரிசையில் வைத்தது. அலுவலகத்தில் சிவப்பு கேக் வெட்டினோம். 2012-இல் தணிக்கை முடிந்து, டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நாங்களும் அந்த நிதிக்கு முதலில் தகுதி பெற்றோம். அன்றைக்குக் கேக் இல்லை. அடுத்த ஆகஸ்டுக்கான மானியக் கடிதங்கள் நிறைந்த பெட்டி ஏற்கெனவே என் மேஜைக்குக் கீழே வந்துவிட்டிருந்தது.

2023-இல் இந்த நிதியையே பெரிதாக்கி, 390 கோடி டாலரில் டெக்சாஸ் பல்கலைக்கழக நிதி என்று மாற்ற மறுபடி ஒரு வாக்கெடுப்பு. நான் அப்போது வேலையை விட்டுவிட்டேன். நவம்பர் முதல் வாரத்தில் கோயில் அங்கிளிடமிருந்து போன்.

"ஏம்மா, இந்தத் தடவை உங்க காலேஜ் எத்தனாவது நம்பர்?"

"அஞ்சு, அங்கிள்."

"சரி, வை. லைன்ல நிக்கிறேன்."