மூன்று மணி நேரம் வேகும் இண்டியன் புட்டிங்

பெயரைப் பார்த்து நம்மூர்ப் பலகாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இது அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி சொல்லும் திருநாள் விருந்துக்குச் செய்யும் பழைய இனிப்பு. இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள், ஊரில் பாலும் கோதுமை மாவும் சேர்த்துக் கிளறிய கூழை, அங்கே பூர்வகுடிகள் விளைவித்த மக்காச்சோளத்தில் கிளறத் தொடங்கினார்கள். பூர்வகுடிகளை 'இண்டியன்' என்று அழைத்ததால், சோள மாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'இண்டியன் மீல்'. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்த மொலாசஸ் (கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பழுப்புப் பாகு) இனிப்புக்கு ஆயிற்று. 1796-ல் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே இந்தப் புட்டிங்குக்கு மூன்று செய்முறைகள் உண்டு. ஒன்றுக்கு ஏழு முட்டை, இன்னொன்றுக்கு இரண்டு, மூன்றாவதற்கு முட்டையே கிடையாது.

இங்கே சொல்வதும் முட்டையில்லாத வகைதான். முட்டை சேர்த்தால் சீக்கிரம் இறுகும், துண்டாகவும் வெட்டலாம். ஆனால் கஸ்டர்ட் வாசனை வந்து சோளத்தின் ருசியை அமுக்கிவிடும்.

எட்டுப் பேருக்கு: கொழுப்பு நீக்காத பால் 1.2 லிட்டர், மக்காச்சோள ரவை 90 கிராம், மொலாசஸ் 120 மில்லி, பழுப்புச் சர்க்கரை 30 கிராம், வெண்ணெய் 40 கிராம், சுக்குத்தூள் 1 தேக்கரண்டி, பட்டைத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை.

ரவை சன்னமாகவோ நடுத்தரமாகவோ இருக்கலாம். கடையில் 'கார்ன்ஃப்ளவர்' என்று விற்கும் வெள்ளை மாவு வெறும் ஸ்டார்ச், அது உதவாது. மொலாசஸில் 'பிளாக்ஸ்ட்ராப்' என்று எழுதிய பாட்டிலை எடுக்காதீர்கள், கசக்கும். மொலாசஸ் கிடைக்காத ஊரில் கெட்டியான கருப்பட்டிப் பாகு ஊற்றலாம். நன்றாகவே இருக்கும், ஆனால் அந்த லேசான கசப்பும் கருநிறமும் வராது.

200 மில்லி பாலைத் தனியே எடுத்துக் குளிரவே வைத்துவிடுங்கள். மீதி ஒரு லிட்டரில் ஒரு டம்ளர் எடுத்து, ஆறிய பாலாகவே ரவையைக் கரையுங்கள். சூடான பாலில் ரவையை நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். மிச்சப் பாலை அடிகனமான பாத்திரத்தில் ஆவி பறக்கும்வரை சூடாக்கி, கரைசலை ஊற்றி, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் கிளறுங்கள். பொங்க விடக் கூடாது. துடுப்பை இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிந்து மறைய வேண்டும். ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தால் நறநறக்கக் கூடாது.

இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் பிறகு திருத்த வழியில்லை. வேகாத ரவை ஓவனில் போனதும் அடியில் படிந்துவிடும்: கீழே கெட்டிக் களி, மேலே பழுப்புப் பால்.

மொலாசஸும் சர்க்கரையும் ரவை வெந்து கெட்டியான பிறகுதான். காரணம் இரண்டு. சர்க்கரை தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் ரவை வேகத் தாமதமாகும். மொலாசஸ் சற்றே புளிப்புத் தன்மை உள்ளது. கொதிக்கும் வெறும் பாலில் விட்டால் திரிந்துவிடலாம், கூழாகிவிட்ட பாலில் அந்தப் பயம் குறைவு. அடுப்பை அணைத்துவிட்டு இரண்டையும் சேர்த்து, வெண்ணெய், உப்பு, மசாலாத் தூள்களைக் கலந்துவிடுங்கள்.

வெண்ணெய் தடவிய இரண்டு லிட்டர் பீங்கான் பாத்திரத்தில் ஊற்றி ஓவனில் 135 டிகிரி செல்சியஸில் வையுங்கள் (275 ஃபாரன்ஹீட்). முக்கால் மணி நேரம் கழித்து, எடுத்து வைத்த குளிர்ந்த பாலை மேலாக மெதுவாக ஊற்றுங்கள். கலக்காதீர்கள். அது மெல்லக் கீழிறங்கி, புட்டிங்குக்குள் அங்கங்கே ஜெல்லி போன்ற இளக்கத்தை உண்டாக்கும். பழைய ஆட்கள் தேடுவது அதைத்தான்.

அதன்பின் இன்னும் இரண்டேகால் மணி நேரம். சூட்டைக் கூட்டி நேரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள்: 180-ல் வைத்தால் பால் கொதித்துத் திரிந்து, ஓரம் காய்ந்து, நடுவில் நீர் விடும். ஓரத்தில் சிறு குமிழிகளும் மேலே கரும்பழுப்பு ஆடையும் வந்து, பாத்திரத்தை அசைத்தால் நடுப்பகுதி தளும்பினால் எடுத்துவிடலாம். நீர்க்க இருக்கிறதே என்று பதற வேண்டாம்; முக்கால் மணி நேரம் ஆறினால் கரண்டியில் நிற்கும். கொஞ்சம் நீர் பிரிவதும் இதன் இயல்புதான். பார்வைக்கு அழகில்லாத பதார்த்தம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெதுவெதுப்பாகக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம் வைத்தால் அதுவும் மறைந்துவிடும்.

தேங்க்ஸ்கிவிங் அன்று ஓவன் விருந்துக்கான வான்கோழியை வேகவைக்கவே சரியாக இருக்கும், அதன் சூடும் இதற்கு அதிகம். ஆகவே முதல் நாளே செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் நன்றாக இறுகியிருக்கும். கால் டம்ளர் பால் தெளித்து, ஃபாயிலால் மூடி, வான்கோழி வெளியே வந்ததும் 150 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் பழையபடி இளகிவிடும்.