செவ்வாய் இரவு, ஏஜே வகுப்பு

ஆகஸ்ட் 27, 2024, செவ்வாய்

அக்கவுண்டிங் வகுப்பில் இடமில்லை. காத்திருப்போர் பட்டியலில் பதினோராவது ஆள் நான். வேலை போய் நாலு மாதம் ஆகிறது. செவ்வாய் சாயங்காலம் மட்டும்தான் கார் என் கையில் இருக்கும். அந்த நேரத்துக்கு இடம் காலியாக இருந்தது இது ஒன்றுதான்: குற்றவியல் நீதி, அறிமுக வகுப்பு. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் இந்தத் துறைக்குப் பெயர் 'அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்'. எல்லோரும் ஏஜே என்கிறார்கள். யூனிட்டுக்கு 46 டாலர் வீதம் மூன்று யூனிட், 138 டாலர்.

முப்பது பேர் இருக்கிறோம். பாதிப் பேர் என் மகனைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர்கள். எதற்காக வந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டுமாம். ஒரு பையன் போலீஸ் ஆகப்போகிறான். இரவில் செக்யூரிட்டி வேலை பார்க்கும் ஒரு வியட்நாமியர் ஷெரிஃப் ஆபீஸ் தேர்வு எழுதப்போகிறார். கடைசி வரிசைப் பெண், "என் அண்ணன் உள்ளே இருக்கிறான். எந்த வழியாக உள்ளே போனான் என்று தெரிந்துகொள்ள வந்தேன்" என்றாள். அதற்கு அடுத்து என் முறை. "அக்கவுண்டிங்கில் இடம் கிடைக்கவில்லை" என்றேன். சிரித்தார்கள்.

வாத்தியார் ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட். போலீஸ்காரன் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்த ஆகஸ்ட் வோல்மர் பக்கத்திலிருக்கும் பெர்க்லியில்தான் போலீஸ் தலைவராக இருந்தார், சான் ஹோசே ஸ்டேட் காலேஜில் 1930-லேயே போலீஸ் படிப்பு தொடங்கிவிட்டது என்று ஆரம்பித்தார். ஊர்ப் பெருமை எல்லா ஊரிலும் உண்டு.

வீட்டுக்கு வந்து கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். அங்கே காலை. "போலீஸ் படிப்பாம்மா படிக்கே?" என்றார் அப்பா. "நம்ம குடும்பத்துல ஒருத்தரும் ஸ்டேஷன் வாசல மிதிச்சது கிடையாது, தெரியும்லா?" அது அவருக்குப் பெரிய பெருமை. 1991-இல் அவருடைய சைக்கிள் களவுபோனபோது கூட மிதிக்கவில்லை. அம்மா எவ்வளவோ சொன்னாள். "போனா சைக்கிளும் கிடைக்காது, இருக்கிற மரியாதையும் போயிரும்" என்று சொல்லிவிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்கு ஒரு வருஷம் நடந்தே போனார்.

செப்டம்பர் 10

இன்று பிரிவு எண்கள். கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தில் 187 கொலை, 211 ராபரி, 459 பர்கிளரி. நம் ஊரில் 302 என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதை வகுப்பில் சொல்லப்போய், "எங்கள் ஊரில் ஏமாற்றுக்காரனை 420 என்போம்" என்றும் சொல்லிவிட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இங்கே 420 என்றால் கஞ்சா. அந்த வழக்கே இந்த சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில், சான் ரஃபேல் பள்ளிப் பையன்களிடமிருந்துதான் கிளம்பியதாம், 1971-இல்.

இதை அப்பாவிடம் சொன்னபோது, "இங்கயும் 420 போயிட்டும்மா, பேப்பர்ல போட்டிருந்தான்" என்றார். உண்மைதான். ஜூலை 1 முதல் இந்தியாவில் புதுச் சட்டம்; மோசடி 318, கொலை 103 ஆகிவிட்டன. இனி திட்டுவதற்கு என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. "போடா 318" வாயில் வரவில்லை.

ராபரிக்கும் பர்கிளரிக்கும் வித்தியாசம் பரீட்சையில் கட்டாயம் வருமாம். ஆளிடமிருந்து அடித்தோ மிரட்டியோ பிடுங்கினால் ராபரி. நம் வழிப்பறி. திருடும் எண்ணத்தோடு ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தாலே பர்கிளரி. பொருளை எடுத்திருக்கக்கூட வேண்டாம், பூட்டை உடைத்திருக்கவும் வேண்டாம். கன்னக்கோல் இல்லாமலே கன்னம் வைத்த குற்றம். ஆள் குடியிருக்கும் வீடு என்றால் முதல் நிலைப் பர்கிளரி, தண்டனை கூடுதல்.

செப்டம்பர் 24

மிராண்டா. "நீ பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உனக்கு எதிராகும்" என்று போலீஸ் சொல்லியே ஆக வேண்டும் என்ற 1966 தீர்ப்பு. எனக்குப் பிடித்தது அதன் பின்கதை. எர்னெஸ்டோ மிராண்டா வழக்கில் ஜெயித்தாலும் விடுதலை ஆகவில்லை. அந்த எச்சரிக்கை இல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டு மறுபடி விசாரித்து மறுபடியும் தண்டித்தார்கள். வெளியே வந்தபின் அந்த எச்சரிக்கை அச்சிட்ட அட்டைகளில் கையெழுத்துப் போட்டு விற்றிருக்கிறார். 1976-இல் ஃபீனிக்சில் ஒரு மதுக்கடைச் சண்டையில் குத்துப்பட்டுச் செத்தார். சந்தேகத்தில் பிடித்த ஆளுக்கும் போலீஸ் அதே எச்சரிக்கையைத்தான் வாசித்தது.

"உங்கள் ஊரில் இது உண்டா?" என்று வாத்தியார் கேட்டார். எங்கள் ஊரில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லவே செல்லாது என்றேன். 1872 சாட்சியச் சட்டம், 25-ஆவது பிரிவு. புதுச் சட்டத்திலும் அப்படியே வைத்திருக்கிறார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "செல்லவே செல்லாதா? அப்புறம் எப்படி வழக்கு நடத்துவீர்கள்?"

கத்தியை எடுத்துக் கொடுத்தார், நகையை எடுத்துக் கொடுத்தார் என்று நம் பேப்பரில் தினமும் வருமே, அதற்கு 27-ஆவது பிரிவு என்று விளக்கினேன். சொன்ன இடத்தில் பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு அவன் பேச்சு செல்லும். வகுப்பில் ஒரே பாராட்டு: உங்கள் நாடு எவ்வளவு முன்னேறியது!

எனக்குத்தான் தொண்டையில் ஏதோ அடைத்தது. போலீசை நம்பாதே என்று வெள்ளைக்காரனே எழுதி வைத்துவிட்டுப் போன ஊரில்தான் 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. ஊரடங்கில் செல்போன் கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்தார்கள் என்று போலீஸ் பிடித்துப்போய் அடித்த ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் கோவில்பட்டி ஜெயிலில் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தார்கள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரி. ஜார்ஜ் ஃபிளாய்ட் அமெரிக்கப் போலீஸ் பிடியில் செத்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இங்கே எங்கள் தெருமுனையில் பலகை பிடித்து நின்றார்கள். அங்கே அப்பா, "ராத்திரி சத்தமா பேசாதே" என்று போனை வைத்தார். இதையெல்லாம் வகுப்பில் சொல்லவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் உறுத்தியது.

அக்டோபர் 8

இடைத்தேர்வு. 50-க்கு 41. கிடியன் வழக்கின் வருஷத்தை 1961 என்று எழுதித் தொலைத்தேன், 1963. அந்த மனுஷன் ஜெயிலில் உட்கார்ந்து பென்சிலால் சுப்ரீம் கோர்ட்டுக்கு மனு எழுதி, வக்கீல் வைக்க வசதியில்லாத எல்லோருக்கும் அரசு செலவில் வக்கீல் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு வருஷம் ஞாபகம் வைக்க முடியவில்லை.

அக்டோபர் 15

இன்றைய வழக்கை எழுதாமல் தூங்க முடியாது.

கிரஹாம் எதிர் கானர், 1989. போலீஸ் பலத்தைப் பயன்படுத்தியது சரியா தவறா என்று அமெரிக்காவில் யார் பேசினாலும் இதில்தான் வந்து நிற்கிறார்கள். பெரிய கொள்ளை, துப்பாக்கிச் சண்டை என்று நினைத்துக்கொண்டு போனேன். விஷயம் ஆரஞ்சு ஜூஸ்.

1984 நவம்பர், வட கரோலினாவின் ஷார்லட் நகரம். டெத்தோர்ன் கிரஹாம் சர்க்கரை நோயாளி. இன்சுலினால் சர்க்கரை இறங்குவது தெரிந்து, நண்பரைக் கார் ஓட்டச் சொல்லி ஜூஸ் வாங்கக் கடைக்குப் போகிறார். உள்ளே நீள வரிசை. நிற்க முடியாது என்று வேகமாக வெளியே வந்து வேறு வீட்டுக்கு ஓட்டச் சொல்கிறார். உள்ளே போனவன் உடனே ஓடி வருகிறானே என்று கானர் என்ற போலீஸ்காரருக்குச் சந்தேகம். காரை நிறுத்துகிறார். இன்னும் சிலர் வருகிறார்கள். விலங்கு மாட்டுகிறார்கள். சர்க்கரை நோய் அட்டை பர்ஸில் இருக்கிறது, பாருங்கள் என்கிறார். வாயை மூடு என்கிறார்கள். குடிகாரன், வேறொன்றுமில்லை என்கிறார் ஒருவர். நண்பர் ஒருவர் ஜூஸ் கொண்டுவருகிறார். கொடுக்க விடவில்லை. கடைசியில் கடையில் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்து வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதற்குள் கால் எலும்பு முறிந்துவிட்டது.

அந்த இடத்தில் நிற்கும் நியாயமான ஒரு போலீஸ்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும், பின்னால் தெரிந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றது சுப்ரீம் கோர்ட். கிரஹாமின் வழக்கை அந்த அளவுகோலில் மறுபடி விசாரிக்கச் சொன்னது. மறுவிசாரணையில் ஜூரி போலீஸ் பக்கம் நின்றது. அவர் பெயர் மட்டும் தீர்ப்பில் நிலைத்துவிட்டது.

வாத்தியார் அந்த அளவுகோல் இல்லாமல் யாரும் இந்த வேலைக்கு வரமாட்டார்கள் என்றார். இருக்கலாம். அண்ணன் உள்ளே இருக்கும் பெண் கேட்டாள்: "நியாயமான சர்க்கரை நோயாளியின் கண்ணால் யார் பார்ப்பது?" பதிலுக்கு யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

என் வீட்டுக்காரருக்குப் பத்து வருஷமாகச் சர்க்கரை. இறங்கினால் கோபம் வரும், வார்த்தை குழறும், குடித்தவர் மாதிரியேதான் இருப்பார். வந்ததும் அவர் பர்ஸைத் திறந்து பார்த்தேன். காஸ்ட்கோ அட்டை இருக்கிறது. சர்க்கரை நோய் அட்டை இல்லை. "என்ன தேடுற?" என்றார். "ஆதாரம்" என்றேன்.

அக்டோபர் 25, வெள்ளி

கோர்ட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும் என்பது வீட்டுப்பாடம். சான் ஹோசே ஹெட்டிங் தெருவில், ஜெயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஹால் ஆஃப் ஜஸ்டிஸ். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்பதே எனக்குப் புதுசு. வாசலில் என் டிபன் டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார்கள். தயிர்சாதம். போகலாம் என்றார்.

முதல் ஆஜர்: பிடித்தவரை, ஞாயிறும் விடுமுறையும் கழித்து, 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். சினிமா மாதிரி ஒன்றுமே இல்லை. கைதியுடுப்பில் ஒருவர் வருவார், அவருக்காக அரசு வைத்த வக்கீல் காதில் ஏதோ சொல்வார், நீதிபதி தேதி சொல்வார், அடுத்தவர். நான் கடிகாரம் பார்த்து எழுதினேன்: இரண்டு நிமிஷம், மூன்று, ஒன்றரை. வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர் வந்த ஒரு வழக்குக்கு மட்டும் ஏழு.

ஜூரி விசாரணை பார்க்கும் ஆசையில் போனேன். அதெல்லாம் அபூர்வமாம். மாநில நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரில் 94 சதவீதம் பேர் தாங்களே, பெரும்பாலும் பேரம் பேசி, குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் என்று சுப்ரீம் கோர்ட்டே 2012-இல் சொல்லியிருக்கிறது. பேசாமல் இருக்கலாம் என்று வாசித்துக் காட்டிய பிறகும் கடைசியில் எல்லாம் ஒப்புதலில்தான் முடிகிறது. இந்த வரியை அறிக்கையில் சேர்த்தேன். வாத்தியார் ஓரத்தில் கேள்விக்குறி போடுவார்.

நவம்பர் 5

தேர்தல் நாள். இங்கே சட்டத்திருத்தத்துக்கும் ஓட்டு. 950 டாலருக்குள் திருடினால் சிறு குற்றம் என்று 2014-இல் மக்கள் ஓட்டுப்போட்டு மாற்றியதை, இப்போது 36-ஆவது முன்மொழிவு இறுக்கப் பார்க்கிறது: ஏற்கெனவே இரண்டு முறை திருட்டில் தண்டனை பெற்றவன் மறுபடி திருடினால் தொகை எவ்வளவானாலும் பெருங்குற்றமாக்கலாம். எனக்கு கிரீன் கார்டுதான், ஓட்டு கிடையாது. வகுப்பில் கத்தல். செக்யூரிட்டிக்காரர் தன் கடையில் தினமும் பார்ப்பதைச் சொன்னார். அண்ணன்காரி, மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடி 25 வருஷம் முதல் ஆயுள் வரை வாங்கிய யூயிங் வழக்கை எடுத்துவிட்டாள். பழைய குற்றங்கள் இருந்த ஆள்தான். ஆனால் மட்டை மட்டைதான்.

(மறுநாள்: நிறைவேறிவிட்டது, மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான ஆதரவோடு.)

நவம்பர் 19

கைரேகை வகுப்பு. விரலில் மை தடவி உருட்டினோம். லூப், வோர்ல், ஆர்ச் என்று மூன்று ஜாதி. எனக்குப் பாடமே வேண்டியிருக்கவில்லை. சங்கு, சக்கரம் என்று ஆச்சி என் விரல்களை எண்ணியிருக்கிறாளே. எனக்கு நான்கு சக்கரம். பத்தும் சக்கரமானால் ராஜயோகம் என்பாள். பக்கத்துப் பையனுக்கு எட்டு. அவனிடம் சொன்னதும் மையோடு போட்டோ எடுத்துக்கொண்டான்.

உலகம் பயன்படுத்திய ஹென்றி முறை கல்கத்தாவில் உருவானது. அங்கே 1897-இல் கைரேகை அலுவலகம் திறந்தார்கள். கணக்குப் போட்டு வகைபிரித்தவர்கள் அஸிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு எஸ்.ஐ.க்கள். பெயர் மட்டும் எட்வர்ட் ஹென்றிக்கு. அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

டிசம்பர் 10

இறுதித்தேர்வு முடிந்தது. பர்கிளரி வந்தது. அடுத்த பருவத்தில் அக்கவுண்டிங்கில் இடம் இருக்கிறது என்று மெயில் வந்திருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட் எழுதும் வகுப்புக்கும் பதிவு செய்துவிட்டேன். இன்னொரு 138 டாலர். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பர்ஸில் அட்டை இருக்கிறது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். தேர்வு எப்படி என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இருமிவிட்டு, "அந்த சைக்கிள் இருந்துச்சுல்லா," என்றார். "அது நீ சொன்னியே ரெண்டு, அதுல எதும்மா?"

"எங்கேப்பா நின்னுச்சு?"

"நடையில."

"வாசக்கதவுக்கு உள்ளேயா, வெளியேயா?"

"உள்ளதான். ஆனா கதவு திறந்துல்லா கெடந்துச்சு." முப்பத்துமூன்று வருஷமாக அதுதான் அவர் மனதில் இருந்திருக்கிறது.

"திறந்திருந்தாலும் சரிதான்ப்பா. இந்த ஊர்க் கணக்குல முதல் நிலை பர்கிளரி."

"முதல் நிலையா?" என்றார். அப்புறம் நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். பச்சை ஹெர்குலஸ். பின்னால் கேரியர், இடது பெடல் மாற்றியது. கார்த்திகை மாதம், விளக்கு வைக்கிற நேரம். தெருவில் கரண்ட் இல்லை. நான் பேனாவை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.