மதுரைக்கு முன்னால் ஒரு ஊசி

மாரடைப்புக்குப் பிறகு என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விதான். மதுரையில் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவு? ராமநாதபுரத்தில் போட்ட ஊசியைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் நான் பிழைத்தது அங்கேதான், மதுரையில் நடந்தது மீதி வேலை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் இருக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் மண்டபத்தில் நண்டு வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புகிறவன். சர்க்கரை உண்டு, அதற்கு மாத்திரை உண்டு, பீடியும் இருந்தது. விடிகாலையில் வடக்குக் கடற்கரையில் எடை போட்டுக்கொண்டிருந்தபோது மேல்வயிறு இறுக்கிப் பிடித்தது. நெஞ்சு வலி என்று சொல்ல முடியாது. தாடை வரைக்கும் ஒரு கடுப்பு, குமட்டல், அப்புறம் வேர்வை. சட்டையைப் பிழிந்தால் சொட்டும். காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்படி வேர்த்ததுதான் என் மச்சானுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. சுற்றி நின்றவர்கள் வாயு என்றார்கள். சோடா வாங்க ஒரு பையன் ஓடினான். ஒரு பெரியவர் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைத் தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "அடுத்தவுக மாத்திரை வேண்டாம்ணே" என்று மச்சான் தடுத்துவிட்டார். அவர் சொன்னது பொதுவாக. ஆனால் எனக்கு வந்தது இதயத்தின் அடிப்பக்கச் சுவரில். அந்த வகையில் வலது அறையும் சேர்ந்து அடிபட்டிருந்தால், அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கிவிடுமாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் வேலையாக ஈசிஜி எடுத்தார்கள். நர்ஸம்மா தாளைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பிவிட்டு, என் உள்ளங்கையில் மாத்திரைகளைக் கொட்டினார். மொத்தம் 14. ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. ஆஸ்பிரினை மட்டும் கடித்து மெல்லச் சொன்னார். குமட்டிக்கொண்டு வரும்போது அத்தனையையும் உள்ளே தள்ளுவது லேசில்லை. "வாந்தி எடுத்துராதீங்கண்ணே, கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி குடிங்க" என்று பக்கத்திலேயே நின்றார். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் இந்த மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். சோடாவைக் குடித்துவிட்டு வாயு போகட்டும் என்று காத்திருக்கிற நம் ஊர் ஆட்கள் இதைத் தெரிந்துகொள்ளணும்.

108-ல் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி. அங்கேதான் தகராறு. மச்சானும் என் தம்பியும் ஒரே பிடியாக நின்றார்கள். "இங்க எதுக்கும்மா நேரத்தைக் கடத்துறீங்க, மதுரைக்கு எழுதிக் குடுங்க, நாங்க நேராப் போயிர்றோம்." குவைத்தில் இருக்கும் என் மூத்தவனும் போனில் அதையேதான் சொன்னான். டாக்டர் சின்னப் பொண்ணு, ஆனால் அசையவில்லை. கட்டிலில் கிடந்தபடி எல்லாம் என் காதில் விழுந்தது.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. அடைத்த நிமிஷத்திலிருந்து அதற்குக் கீழே உள்ள தசை செத்துக்கொண்டே போகிறது. நேராகப் பலூன் வைத்துத் திறப்பதுதான் முதல் தரம், ஆனால் ஈசிஜியில் அட்டாக் என்று தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அதைச் செய்ய முடிய வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 115 கிலோமீட்டர் சுமார். பரமக்குடி, மானாமதுரை தாண்டி ஊருக்குள் நெரிசலில் நுழைந்து, பதிவு போட்டு, மேசையில் ஏற்றுவதற்குள் அந்தக் கணக்கு உடைந்துவிடும். அப்படியானால் கட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே உடனே போட்டுவிட்டு மதுரைக்கு அனுப்புவதுதான் முறை.

"ஊசி போட்டா அப்புறம் பலூன் வைக்க முடியாதுன்னு சொல்றாகளே?" என்று தம்பி கேட்டான். இந்தப் பேச்சு நம் பக்கத்தில் எங்கேயிருந்து கிளம்பியதோ தெரியாது. அப்படி எதுவும் இல்லை. ஊசி வேலை செய்தால், 3 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ, அதாவது சாயம் செலுத்திக் குழாயைப் படம் பார்ப்பது, செய்து, தேவைப்பட்டால் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் ஸ்டென்ட் வலைக்குழாயை வைப்பார்கள். வேலை செய்யாவிட்டால் உடனே பலூன். எப்படியானாலும் அடுத்து மதுரைதான்.

ஊசிக்கு முன்னால் ஒரு கேள்விப் பட்டியல். பக்கவாதம் வந்ததுண்டா, தலையில் அடிபட்டதா, சமீபத்தில் ஆபரேஷன் உண்டா, ரத்த வாந்தி, கறுப்பு மலம் ஏதாவது? ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து வேறு இடத்திலும் ரத்தத்தைக் கசியவிடலாம், அபூர்வமாக மூளையிலும். அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். என் மனைவி பேனாவை வாங்கி ஒரு பேச்சுப் பேசாமல் போட்டாள். இவ்வளவு நேரம் கத்திய ஆம்பளைகள் அப்போதுதான் அடங்கினார்கள்.

எனக்குப் போட்டது டெனெக்டெப்ளேஸ். எடையைப் பார்த்து அளவு, ஒரே தடவையில் நரம்பில் ஏற்றிவிடுகிறார்கள். பழைய ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் வரை ஓடும். கொஞ்ச நேரத்தில் மானிட்டர் கண்டபடி கத்த ஆரம்பித்தது. மனைவி பயந்துபோனாள். டாக்டர் என்னவோ முகம் தெளிந்தார். அடைப்பு திறக்கும்போது துடிப்பு இப்படித் தாறுமாறாகப் போவது உண்டாம். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்த ஈசிஜியில் தூக்கி நின்ற கோடு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. வலியும் தாடையை விட்டு இறங்கிவிட்டது.

மருந்தாளுநர் படிப்பு படிக்கும் என் மகள் பின்னால் தேடி எடுத்துக் காட்டினாள். சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆஞ்சியோ வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் கோத்து, முதலில் ஊசி, அப்புறம் ஆஞ்சியோ என்கிற இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டிலேயே செய்து பார்த்து, 2017-ல் ஆய்வு வெளியாகியிருக்கிறது. ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6 என்று இருந்தது 14.2 ஆகக் குறைந்திருக்கிறது. குவைத்துக்காரனுக்கு அதை அனுப்பி வைத்தேன்.

மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு இனிஷியல். அனுமதி வரும்வரை ரொக்கம் கட்டுங்கள் என்று கவுன்ட்டரில் பிடிவாதம். மச்சான் கையில் குடும்ப அட்டை இருந்ததாலும், 1800 425 3993 என்ற திட்டத்தின் இலவச எண்ணுக்கு அங்கேயே நின்று போன் போட்டதாலும் காரியம் நடந்தது. பெயர் திருத்தங்களை நோய் வருவதற்கு முன்னால் முடித்து வையுங்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், அட்டை கலெக்டர் ஆபீஸில் எடுக்கலாம்.

ஆஞ்சியோவுக்கு மயக்க மருந்து கிடையாது. வலது மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஒரு ஊசி. தொடையிலும் சிரைத்து வைத்திருந்தார்கள், கையில் வழி கிடைக்காவிட்டால் அங்கே. அறை ஐஸ் பெட்டிதான். குழாய் உள்ளே போவது தெரியவில்லை, முழங்கைக்கு மேலே ஒரு எரிச்சல் மட்டும் ஓடியது. சாயம் செலுத்தும்போது உடம்புக்குள் ஒரு சூடு பரவும், சிலருக்குச் சிறுநீர் போய்விட்டது போலவே இருக்கும். முன்பே சொல்லி வைத்தால் நல்லது, எனக்கு யாரும் சொல்லவில்லை. எக்ஸ்ரே கேமரா மார்புக்கு மேலே இப்படியும் அப்படியும் சாய, டாக்டர் அவ்வப்போது "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பார். திரையில் என் குழாய்கள் கறுப்பாகத் தெரிந்து மறைந்தன. வலது குழாயில் ஒரு இடம் நூலாக இளைத்திருந்தது.

அந்த இளைப்பு வழியாக முடி போன்ற ஒரு கம்பியை விட்டு, அதன் மேலேயே பலூனை நகர்த்தினார்கள். ஊதும்போது "பத்து, பன்னிரண்டு" என்று அழுத்தத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார் ஒருவர். அந்தச் சில நொடிகள் பழைய வலி அப்படியே திரும்பி வந்தது. பலூன் குழாயையே அடைத்துக்கொண்டு நிற்கிறதே, வராமல் என்ன செய்யும்? பலூன் சுருங்கியதும் போய்விட்டது. அப்புறம் மருந்து பூசிய ஸ்டென்ட். ஆண்ட்ரியாஸ் குருன்சிக் என்பவர் 1977-ல் ஜூரிக்கில் முதன்முதலாக இதயக் குழாயில் இந்தப் பலூன் சிகிச்சையைச் செய்தாராம், அந்தப் பலூன்களைத் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத்தான் செய்து பழகினாராம். இடது பக்கத்தில் பாதி அளவு இன்னொரு அடைப்பும் இருந்தது. அதைத் தொடவில்லை. "அதையும் சேர்த்து முடிச்சு விட்ருங்க சார்" என்று மச்சான் கேட்டதற்கு, அது மாத்திரையில் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லா அடைப்புக்கும் ஸ்டென்ட் வைக்கிற டாக்டரைவிட, வைக்க மறுக்கிறவர்மேல்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை ஒன்றைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார்கள். அன்றைக்கே எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்து ஒரு வருடம். இரண்டில் ஒன்றை நாமாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தக்கட்டி அடைக்கலாம். கருவாட்டை விட்டது எனக்குப் பீடியை விட்டதைவிடக் கஷ்டம். நடுவில் கடைவாய்ப் பல் வலி வந்தது. பல் டாக்டர் பிடுங்கலாம், அந்த ரத்தம் உறையாத மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வாருங்கள் என்றார். நிறுத்தவில்லை. மதுரை டாக்டருக்குப் போன் போட்டேன், மாத்திரையோடேயே பிடுங்கச் சொன்னார். பஞ்சை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.